வகுப்பு ஒன்றரைக்கு முடிகிறது, அப்புறம்?

வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். காலேஜில் சேர்ந்தாயிற்று, பாடம் ஓடுகிறது, அதைத் தாண்டி என்ன படிக்கலாம், எங்கே போகலாம், யாரைக் கேட்பது என்கிறார்கள். காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரிகளில் முப்பது வருஷம் பாடம் நடத்தியவள் நான். இதே கேள்வியோடு என் மேஜை முன்னால் வந்து நின்ற பிள்ளைகளின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இந்த முறை முழு இடத்தையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அம்மா, நான் பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. காலை ஷிப்ட், ஒன்றரைக்கு முடிந்துவிடும். மூன்று மணிக்கு வீட்டில் இருப்பேன். அப்புறம் ராத்திரி வரை போன்தான் கையில். உருப்படியாக ஏதாவது படிக்க ஆசை. ஆனால் கட்டப் பணம் இல்லை, ஆங்கிலமும் சுமார். எங்கே தொடங்குவது? (மாணவி, தேவகோட்டை)

மகளே, அந்தப் போனிலேயே தொடங்கு. என்.பி.டி.இ.எல். என்று தேடிப் பார். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் ஆரம்பித்த இணையவழிப் பாடத் திட்டம், இப்போது மத்திய அரசின் ஸ்வயம் தளம் வழியாக நடக்கிறது. ஜனவரியில் ஒரு சுற்று, ஜூலையில் ஒரு சுற்று. பாடங்கள் 4 வாரம், 8 வாரம், 12 வாரம் என்று இருக்கும். வீடியோ பார்ப்பதற்கும் வாராவாரம் அசைன்மென்ட் எழுதுவதற்கும் ஒரு பைசா வேண்டாம். சான்றிதழ் வேண்டும் என்றால்தான் தேர்வுக்குக் கட்ட வேண்டும், ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் அளவில் இருக்கிறது, எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதிதான். தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது, மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. முதலாவதில் 10, இரண்டாவதில் 30 எடுத்தால் சான்றிதழ் வரும். நேரில் உட்கார்ந்து எழுதுகிற தேர்வு என்பதால்தான் இதற்கு வெளியில் மதிப்பு இருக்கிறது.

ஆனால் முதல் சுற்றிலேயே பணம் கட்டாதே. ஒரு 8 வாரப் பாடம் எடு, ஒன்றே ஒன்று. என்னிடம் படித்தவர்கள் ஆர்வத்தில் ஐந்து பாடத்தில் பெயர் கொடுத்துவிட்டு மூன்றாவது வாரம் ஐந்தையும் விட்டுவிடுவார்கள், வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். அந்த மூன்றாவது வாரத்தைத் தாண்டிவிட்டால் உன்னால் முடியும் என்று அர்த்தம், அப்போது தேர்வுக்குப் பதிவு செய்வதற்கான கடைசித் தேதியைப் பார்த்துக்கொள். நீ அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருமே, ஒரு மாதத் தொகை இதற்குப் போனால் தப்பில்லை.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதே. பல பாடங்களுக்குத் தமிழில் எழுத்து வடிவம் கொடுத்திருக்கிறார்கள், உன் பாடத்துக்கு இருக்கிறதா என்று முதலில் பார். இல்லாவிட்டால் வேகத்தைக் குறைத்துவைத்து, சப்டைட்டிலைப் போட்டு, பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்கார். இயற்பியல் சொற்கள் உனக்கு ஏற்கெனவே தெரியும், புரியாமல் போவது நடுவில் வருகிற பேச்சு ஆங்கிலம்தான், அது இரண்டு வாரத்தில் காதுக்குப் பழகிவிடும். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போகன் டுடோரியல் என்று இன்னொன்று இருக்கிறது. பைத்தான், லிப்ரே ஆபீஸ் போன்ற இலவச மென்பொருள்களைப் பத்து நிமிஷப் பத்து நிமிஷ வீடியோவாகத் தமிழ்க் குரலிலேயே சொல்லித் தருகிறார்கள். இயற்பியல் படிக்கிறவளுக்குக் கொஞ்சம் பைத்தான் தெரிந்திருந்தால் மேலே போகப் போக ரொம்ப உதவும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள். ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரை ஸ்வயம் பாடங்களைக் கிரெடிட்டாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று யு.ஜி.சி. 2021-இல் விதி கொண்டுவந்தது. ஆனால் எந்தப் பாடத்தைச் சேர்ப்பது என்பதை உன் பல்கலைக்கழகமும் கல்லூரியும்தான் சொல்ல வேண்டும். படித்து முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் கதை முடிந்திருக்கும். துறைத் தலைவரை இந்த வாரமே பார்.

கேள்வி: என் மகன் ஆன்லைனில் ஒரு மாத இன்டர்ன்ஷிப் என்று 4,000 ரூபாய் கட்டினான். பத்து நாளில் சான்றிதழ் வந்துவிட்டது. என்ன வேலை செய்தாய் என்று கேட்டால் சரியாகப் பதில் இல்லை. இதனால் பயன் உண்டா? (தகப்பனார், கோட்டையூர்)

இல்லை அண்ணா. பத்து நாளில் வந்த ஒரு மாதச் சான்றிதழை, நேர்முகத் தேர்வில் இரண்டு கேள்வி கேட்கிறவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அந்த 4,000 ரூபாயை விடுங்கள், பையனைத் திட்டவும் வேண்டாம், அவன் வகுப்பில் எல்லோரும் கட்டியிருப்பார்கள். இனிமேல் பணம் கட்டுவதற்கு முன்னால் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள்: எனக்குச் சொல்லித் தரப்போகிறவர் யார், நான் செய்யப்போகும் வேலை என்ன, முடிவில் நான் கையில் காட்டக்கூடியது என்ன. மூன்றுக்கும் நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்டவே கூடாது.

நல்ல இடங்கள் பெரும்பாலும் பிள்ளைக்குத்தான் பணம் கொடுக்கும். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் இருக்கிற மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்துகிற கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்தில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் இருந்து வேலை கற்கலாம், உதவித்தொகை தருகிறார்கள், ரயில் கட்டணமும் தருகிறார்கள். சில அரசு ஆய்வகங்கள் ப்ராஜெக்ட் மாணவர்களிடம் ஆய்வகச் செலவுக்கென்று ஒரு தொகை வாங்குவது உண்டு, ரசீது கொடுப்பார்கள், அங்கே நிஜமாகவே வேலையும் நடக்கும். அதையும் இதையும் ஒன்றாக நினைத்துவிட வேண்டாம்.

கேள்வி: பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. அப்பா அரிசி ஆலையில் பாய்லர் பார்க்கிறார். தினமும் பஸ்ஸில் சிக்ரியை (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) தாண்டித்தான் காலேஜ் போகிறேன். எங்களை மாதிரி சாதாரண காலேஜ் பசங்களை உள்ளே விடுவார்களா? (மாணவன், புதுவயல்)

தம்பி, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நானும் மூன்று வருஷம் அதே வழியாகத்தான் பஸ்ஸில் போனேன். அந்த கேட்டுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து, என் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் முதன்முதலாக உள்ளே காலெடுத்து வைத்தேன். நீ அவ்வளவு நாள் காத்திருக்காதே.

அந்த இடம் எப்படி வந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். சுதந்திரம் வந்த கையோடு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948 ஜூலை 25-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். டெல்லியிலும் புனாவிலும் ஆய்வகம் வந்த காலத்தில் இந்த வறண்ட சீமைக்கும் ஒன்று வந்தது என்றால், இங்குள்ள பிள்ளைகள் உள்ளே போய்ப் படிக்க வேண்டும் என்றுதானே கொடுத்தார். அதனால் தயங்காமல் கேள்.

எப்படிக் கேட்பது? சிக்ரி, சி.எஸ்.ஐ.ஆர். என்கிற மத்திய அரசு ஆராய்ச்சி அமைப்பின் ஆய்வகம். செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள், பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். இந்த நாட்களை ஒட்டி ஆய்வகங்களைப் பார்வைக்குத் திறந்துவிடுவது வழக்கம், அப்போது போய்ச் சுற்றிப் பார். பேட்டரி, உலோகம் துருப்பிடித்தல், மின்முலாம் என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கும். கடல் காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்காகவே மண்டபத்தில் அவர்களுக்கு ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. இதில் எது உன்னை நிறுத்திவைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள். அப்புறம் இணையதளத்தில் அந்தப் பிரிவு விஞ்ஞானிகளின் பக்கத்தைப் பார்த்து, ஒருவர் எழுதிய கட்டுரையின் சுருக்கத்தையாவது படித்துவிட்டு, அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பு. பத்து வரி போதும். நீ யார், அவர் கட்டுரையில் எது உனக்குப் புரிந்தது, எது புரியவில்லை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை உன்னால் வர முடியும், இவ்வளவுதான். ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்பினால் இருபது பேருமே அதைக் கண்டுகொண்டுவிடுவார்கள். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு தடவை நினைவூட்டு, பிறகு அடுத்தவருக்கு எழுது. முறைப்படி ப்ராஜெக்ட் என்றால் உன் கல்லூரி முதல்வரின் கடிதம் கேட்பார்கள், அதைத் தயாராக வைத்துக்கொள்.

உன்னிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. உன் அப்பா தினமும் உமியை எரிக்கிறார். அந்த உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதிலிருந்து பேட்டரிக்கான பொருள் எடுக்க முடியுமா என்று உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது. பாய்லர் குழாய் ஏன் அரிக்கிறது, எந்தத் தண்ணீரில் சீக்கிரம் அரிக்கிறது என்பதெல்லாம் உன் அப்பாவுக்கு அனுபவத்தில் தெரியும், அதை வேதியியலாகச் சொல்லிப் பார்ப்பது உன் வேலை. இதை அந்த மின்னஞ்சலில் எழுது. எந்த விஞ்ஞானியும் இப்படி ஒரு கடிதத்தை நின்று படிப்பார்.

கேள்வி: இரண்டு அரியர் இருக்கிறது. என்.எஸ்.எஸ்.ஸிலும் இருக்கிறேன். இன்னும் ஏதாவது கோர்ஸ் சேரலாமா? (மாணவன், காளையார்கோவில்)

இப்போது வேண்டாம் தம்பி. அரியரை முடி. என்.எஸ்.எஸ்.ஸை விட்டுவிடாதே, வருஷத்துக்கு 120 மணி நேரம், அப்புறம் ஏழு நாள் முகாம், அதிலேயே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. முகாம் நடக்கிற ஊரில் ஒரு கண்மாயைப் பற்றி, எப்போது தூர்வாரினார்கள், எத்தனை மடை, யார் யார் வயலுக்குப் பாய்கிறது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு நான்கு பக்கம் எழுதி வை. மற்றதெல்லாம் அடுத்த வருஷம்.

கேள்வி: மகள் எம்.எஸ்ஸி. கணிதம் முதலாண்டு. மே மாதம் நான்கு வாரம் வெளியூரில் ஒரு கணிதப் பயிற்சி முகாமுக்குத் தேர்வாகியிருக்கிறாள். எம்.டி.டி.எஸ். என்கிறாள். அவள் அப்பா வேண்டாம் என்கிறார், எனக்கும் பயமாக இருக்கிறது. (தாயார், பள்ளத்தூர்)

அனுப்புங்கள் ஆச்சி. எம்.டி.டி.எஸ். 1993-இல் பேராசிரியர் குமரேசன் தொடங்கியது, நாடு முழுக்கப் பல ஊர்களில் கோடையில் நடக்கிறது. போக வர ரயில் செலவு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே மனப்பாடத்துக்கு வேலை இல்லை. ஒரு சின்னத் தேற்றத்தை வைத்துக்கொண்டு ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், பிள்ளைகளை எழுப்பிப் போர்டில் எழுதச் சொல்வார்கள், தப்பாக எழுதினாலும் திட்ட மாட்டார்கள். என் மாணவி ஒருத்தி முதல் வாரம் போனில் அழுதாள், எல்லோரும் கெட்டிக்காரர்கள், நான் மட்டும் ஒன்றும் தெரியாதவள் என்று. நாலாவது வாரம் திரும்பி வந்தவள், வகுப்பில் என்னையே கேள்வி கேட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல.

உங்கள் பயம் நியாயமானது, அதை ஒதுக்கித் தள்ளச் சொல்ல மாட்டேன். கடிதத்தில் இருக்கிற எண்ணுக்குப் போன் போட்டு, பெண்கள் விடுதி எங்கே, வார்டன் யார், ராத்திரி எத்தனை மணிக்குக் கதவு சாத்துவார்கள் என்று கேளுங்கள். அவள் அப்பாவையே பேச விடுங்கள். முடிந்தால் அவரே கூடப் போய் விட்டுவிட்டு, இடத்தைப் பார்த்துவிட்டு வரட்டும். நம் ஊர் ஆண்கள் பதினைந்து, பதினாறு வயதில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிப் போய் அடுத்தாளாக இருந்து தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள், வீட்டில் இருந்த ஆச்சிமார்கள்தான் தைரியமாக வழியனுப்பி வைத்தார்கள். நான்கு வாரம்தானே ஆச்சி.

கேள்வி: நான் பி.ஏ. வரலாறு. எல்லா வாய்ப்பும் சயின்ஸ் படிக்கிறவர்களுக்குத்தான் இருக்கிறது. அப்பா இங்கே ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், வீட்டுக்காரர்கள் சென்னையில். நான் சாயங்காலம் அந்த வளவுத் திண்ணையில் உட்கார்ந்துதான் படிக்கிறேன். என்னை மாதிரி ஆட்களுக்கு என்ன இருக்கிறது? (மாணவி, கானாடுகாத்தான்)

மகளே, இந்த இதழுக்கு வந்த கடிதங்களிலேயே அதிக வாய்ப்பு உள்ளவள் நீதான். நீ உட்கார்ந்திருக்கிற திண்ணையே 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிய செட்டிநாட்டு ஊர்களில் ஒன்றில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பதே, பூட்டிய வீட்டுக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்றுதான்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப் பலகை எழுதுகிற ஓவியர். மற்றவர்கள் பழைய பேப்பர் விலைக்குப் போடுகிற புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் வாங்கி வாங்கிச் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பிறகு, அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1994-இல் வாங்கியது, அதை வைத்துத்தான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நடக்கிறது. இன்றைக்கு நவீனத் தமிழ் வரலாறு எழுதுகிறவர்கள் அங்கே போகாமல் எழுத முடியாது. அவர் எந்தப் பல்கலைக்கழகப் பட்டத்துக்காகவும் அதைச் செய்யவில்லை. உன் காலேஜ் டூர் சென்னைக்குப் போனால் அந்த நூலகத்துக்கு ஒரு அரைநாள் கேள்.

ஊர்ப் பக்கமே நிறைய இருக்கிறது. பிள்ளையார்பட்டிக்குச் சாமி கும்பிடப் போகிறோம், அந்தக் குடைவரையில் பழைய எழுத்தில் சின்னதாக ஒரு கல்வெட்டு இருக்கிறது, எத்தனை பேர் நின்று பார்க்கிறோம்? குன்றக்குடியிலும் கல்வெட்டுகள் இருக்கின்றன. கல்வெட்டு எழுத்துப் படிக்க, கல்லூரிகளும் தொல்லியல் துறையும் அவ்வப்போது பயிலரங்கு நடத்துகின்றன, சில நாள் போனாலே சோழர் காலத் தமிழ் எழுத்தைத் தடவித் தடவிப் படிக்க வந்துவிடும். கீழடி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தாயிற்று. ஒரு தடவை பார்த்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பாதே, ஒரே ஒரு கூண்டின் முன்னால், கீறல் எழுத்து உள்ள பானை ஓடுகள் இருக்கிற கூண்டின் முன்னால், ஒரு மணி நேரம் நில், நோட்டில் வரைந்து பார். வரையும்போதுதான் கண் பார்க்க ஆரம்பிக்கும்.

பங்குனியில் கம்பன் விழாவுக்குப் போ. 1939-இல் சா. கணேசன் ஆரம்பித்தது, இன்றும் காரைக்குடியில் நடந்து கடைசி நாள் நாட்டரசன்கோட்டையில் முடிகிறது. காசு கொடுக்காமல் தமிழ்நாட்டின் நல்ல பேச்சாளர்களை உட்கார்ந்து கேட்கலாம், ஒரு வாதத்தை எப்படிக் கட்டுகிறார்கள் என்று கவனி. வீட்டிலிருந்தே செய்ய விரும்பினால், பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகப் படிக்க வைக்கிற, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்குப் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தோ பிழை திருத்தியோ கொடுக்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் உன் ஊரைப் பற்றிய பக்கத்தைத் திறந்து பார், என்னென்ன விட்டுப்போயிருக்கிறது என்று உனக்கே தெரியும். மேற்கோள் காட்டி எழுதப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை, ஆதாரம் இல்லாத வரியை முகம் தெரியாத ஒருவர் வந்து நீக்கிவிடுவார், அந்தப் பாடம் வகுப்பில் கிடைக்காது.

இதையெல்லாம்விட அந்த வீடு. இரண்டாங்கட்டு அறையில் கணக்குப் புத்தகங்கள் இருக்கலாம், ரங்கூனிலிருந்து வந்த கடிதங்கள் இருக்கலாம், இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம் எழுதிய ஓலை இருக்கலாம். எதையும் தொடுவதற்கு முன்னால் வீட்டுக்காரருக்குப் போன் செய்து அனுமதி கேள், வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள். உன் அப்பாவின் வேலைக்கு எந்தச் சங்கடமும் வரக்கூடாது, அதனால் ஒரு காகிதம்கூட வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. மறுத்துவிட்டால் வருத்தப்படாதே, உன் அப்பத்தாவிடம் உட்கார். அந்தப் பெரிய வீட்டில் ஆயிரம் பேருக்குச் சமைத்த கல்யாணம் எப்படி நடந்தது, முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்துச் சுவர் பூசியதை யார் பார்த்தார்கள், வேலைக்காரர்கள் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள் என்று கேள். வீட்டுக்காரர்கள் கதை நிறைய எழுதியாயிற்று, வீட்டைக் காத்தவர்கள் கதையை யாரும் எழுதவில்லை. நீ எழுதலாம்.

அனுமதி கிடைத்தால், பகல் வெளிச்சத்தில், முற்றத்துப் பக்கம் வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடு. பக்கத்தில் ஒரு ஸ்கேலை வை. எந்த அறை, எந்தப் பெட்டி, எத்தனையாவது பக்கம், என்றைக்கு எடுத்தாய் என்று ஒரு நோட்டில் வரிசையாகக் குறி. பழைய இடத்திலேயே, இருந்த மாதிரியே திரும்ப வை. இருபது பக்கம் ஆனதும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உன் துறை ஆசிரியரிடம் போ, இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு இதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேள். எனக்கும் ஒரு பக்கத்தின் நகலை அனுப்பு மகளே. பழைய கணக்கு எழுத்தும் பின்னக் குறியீடுகளும் எனக்குக் கொஞ்சம் படிக்க வரும்.